அரை மணி நேரம் ஓடணும்

ஜூலை 8, செவ்வாய்

அம்மா இன்று என் நகத்தைப் பார்த்துவிட்டாள். சாப்பிடும்போது கையை மறைத்து மறைத்துத்தான் சோற்றைப் பிசைந்தேன். பியூட்டி பார்லரில் வேலை பார்ப்பவள் கண்ணுக்கு நகம் தப்புமா? கையைப் பிடித்து டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். ஐந்து விரலிலும் கிரீஸ்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தால் ஒரு தொழில் பாடம் எடுக்க வேண்டும். இருப்பது இரண்டு. ஒன்று பியூட்டி, இன்னொன்று ஆட்டோமோட்டிவ், அதாவது வண்டி ரிப்பேர். பெண்கள் எல்லாரும் பியூட்டி. நான் மட்டும் ஆட்டோமோட்டிவ், இருபத்திரண்டு பையன்களோடு. என் சிநேகிதி பிரேமலதாவும் முதலில் என்னோடுதான் வந்தாள். மூன்றாம் நாள் துப்பட்டாவில் ஆயில் பட்டதும் அந்தப் பக்கம் ஓடிவிட்டாள்.

அம்மாவுக்கு இதில் பெரிய மனக்குறை. பத்தாவது முடித்ததும் மாட்டுங்காவில் அவள் வேலை பார்க்கும் பார்லரிலேயே என்னைச் சேர்த்துவிடுவதாக முதலாளியம்மாவிடம் எப்போதோ பேசி வைத்திருக்கிறாள். ஏசி ரூம், மரியாதையான ஆட்கள், மழைக்காலத்தில் கால் நனையாத வேலை. அவள் கெட்டது நினைக்கவில்லை என்று எனக்கும் தெரியும். அதனால்தான் சண்டை போடவும் முடியவில்லை.

ரொம்ப நேரம் பேசிவிட்டு கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தாள். தீபாவளி லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் நாள் வரைக்கும் பாடத்தை மாற்றிக்கொள்ளலாமாம். ஆபீசில் விசாரித்து, அதற்கான ஃபாரத்தையும் வாங்கிக் கைப்பையில் வைத்திருக்கிறாள்.

"அக்டோபர்ல பெத்தவங்கள கூப்பிடுவாங்கல்லா? அன்னைக்கு ஒங்க எஞ்சின் என் கண்ணு முன்னால அரை மணி நேரம் நிக்காம ஓடணும். ஓடுச்சுன்னா ஒன் இஷ்டம். நடுவுல நின்னுச்சுன்னா ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துருவேன். அப்புறம் அழக்கூடாது."

சரி என்று சொல்லிவிட்டேன். எங்கள் குரூப்புக்குக் கொடுத்திருக்கும் பழைய பைக் எஞ்சின் இப்போது கோணிப்பைக்குள் துருப்பிடித்துக் கிடக்கிறது, கிக்கர்கூட கீழே இறங்காது. அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

எலுமிச்சம்பழத் தோல், ஷாம்பு, பார்லர் பிரஷ் – எதற்கும் கிரீஸ் போகவில்லை. போகாவிட்டால் போகட்டும்.

ஜூலை 18, வெள்ளி

எஞ்சின் அசைந்தது!

ஐந்து நாளாக மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்திருந்தோம். இன்று ராஜபாண்டியும் நானும் மாறி மாறிக் கிக்கரை மிதித்ததில் 'கர்ரக்' என்று இறங்கிவிட்டது. ராஜபாண்டி என் குரூப். ஆண்டாப் ஹில்லில் அவன் மாமா கராஜ் வைத்திருக்கிறார், அதனால் ஸ்பேனரை 'பானா' என்றுதான் சொல்வான், நாம் ஸ்பேனர் என்று சொன்னால் பாவமாகப் பார்ப்பான். என் பெயர் ஜாக்குலின் என்றதும் முதல் நாளே 'ஜாக்கி' என்று வைத்துவிட்டான். வண்டி பஞ்சரானால் என்னைத்தான் அடியில் கொடுக்க வேண்டுமாம். போடா.

எங்கள் ஆட்டோமோட்டிவ் டீச்சர் அஸ்ரின் மிஸ் பிளக்கைக் கழற்றச் சொன்னார். பிளக் இருந்த ஓட்டையில் விரலை வைத்து அழுத்திக்கொள், அவன் கிக்கரை மிதிக்கட்டும் என்றார். வைத்தேன். முதலில் என் விரலை உள்ளே உறிஞ்சியது, அப்புறம் வெளியே தள்ளியது. யாரோ உள்ளே உட்கார்ந்து மூச்சு விடுவது மாதிரி. உறிஞ்சுதல், அழுத்துதல், வெடித்தல், வெளியேற்றுதல் என்று நான்கையும் நோட்டில் எழுதிப் படித்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன். இன்றைக்குத்தான் அது என் விரலுக்குத் தெரிந்தது. இனிமேல் யார் சொன்னாலும் இந்தக் கிளாசை விடமாட்டேன்.

ஆனால் தள்ளும் வேகம் குறைவாம். பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், முழுக்கப் பிரிக்க வேண்டும் என்றார் மிஸ். சொல்லிவிட்டுப் புத்தகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். மிஸ்ஸும் டிப்ளமோ முடித்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, சீத்தா கேம்ப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவார். அதற்காகவே எனக்குப் பிடிக்கும்.

ஆகஸ்ட் 6, புதன்

புது ரிங்கை உடைத்துவிட்டேன். மெல்ல விரித்துப் பிஸ்டனில் ஏற்ற வேண்டும், நான் அவசரக்குடுக்கை, ஒரே இழுப்பு, 'டிக்'. பையன்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அழுகை வந்தது, அழவில்லை.

ராஜபாண்டி உடைந்த துண்டுகளைப் பொறுக்கினான். சாயங்காலம் மாமா கராஜில் கேட்டு வேறு ரிங் வாங்கிவருகிறேன் என்று மட்டும் சொன்னான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வாங்கி வந்தான். அவனையே மாட்டச் சொன்னேன். நீதானே உடைச்ச, நீயே மாட்டு என்றான். நாற்பது நிமிஷம் ஆனது. மாட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மழை. லீவு. வீட்டு வாசல் வரை தண்ணீர். லேபில் பிரித்து வைத்த எஞ்சினின் கிராங்க் கேஸ் தரையில் இருக்கிறதா மேஜை மேல் இருக்கிறதா என்று நாள் முழுக்க அதே யோசனை.

செப்டம்பர் 12, வெள்ளி

ஓடிவிட்டது ஓடிவிட்டது ஓடிவிட்டது.

இருபத்தேழாவது கிக். பையன்கள் போட்ட சத்தத்தில் ஹெட்மாஸ்டர் நம்பிராஜன் சார் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். பிஸ்டன் நான் போட்டது. கார்புரேட்டர் ராஜபாண்டி வைத்தது. பெட்ரோல் டேங்க் மட்டும் எங்கள் வண்டியினுடையது இல்லை, கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் ஒன்றிலிருந்து கழற்றி ஸ்டாண்டில் உயரமாக மாட்டியது. அங்கிருந்து பெட்ரோல் தானாகக் கீழே இறங்குகிறது. மொத்தம் மூன்று நிமிஷம் ஓடியது. நான் எத்தனை வருஷம் இருந்தாலும் இந்த மூன்று நிமிஷத்தை மறக்கமாட்டேன்.

வீட்டில் சொன்னேன். அம்மா, "மூணு நிமிசந்தான?" என்றாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

முப்பத்தைந்து நிமிஷம். இன்று நாங்கள்தான் நிறுத்தினோம், அதுவாக நிற்கவில்லை. ஏஞ்சலம்மாள் அவர்களே, ஃபாரத்தைக் கிழிக்கத் தயாராக இருங்கள். (இதை அம்மா படித்தால் செத்தேன்.)

அக்டோபர் 1, புதன்

நாளைக்கு லீவு, அதனால் இன்றே ஆயுத பூஜை. காலையில் ஸ்பேனர் எல்லாம் கழுவித் துடைத்து மேஜையில் வரிசையாக வைத்தோம். எஞ்சினுக்குச் சாமந்தி மாலை. கார்புரேட்டரை ராஜபாண்டி நேற்றே கழற்றிச் சுத்தம் பண்ணி மாட்டியிருந்தான், பளபளவென்று இருந்தது. அஸ்ரின் மிஸ் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சந்தனம் வைக்கும்போது பையன்களுக்குள் யார் வைப்பது என்று தள்ளுமுள்ளு. நம்பிராஜன் சார் என்னைப் பார்த்து, "பிஸ்டன் போட்டது நீதானம்மா? நீயே வை" என்றார். எங்கள் வீட்டில் மாதா படத்துக்குப் பூ வைப்போம், மெழுகுவத்தி ஏற்றுவோம். சந்தனம் எல்லாம் பழக்கமே இல்லை. எவ்வளவு வைப்பது என்று யாரிடம் கேட்பது? குறைவாக வைத்தால் வேதக்காரப் பிள்ளை மனசில்லாமல் வைக்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். அள்ளி அள்ளி வைத்தேன். எஞ்சின் தலையில், ஸ்டாண்டின் நாலு காலில், டேங்க் மேலே. ஒவ்வொன்றுக்கும் நடுவில் குங்குமம். எல்லாரும் கை தட்டினார்கள்.

பூஜை முடிந்தால் அன்றைக்கு எதையும் தொடக்கூடாதாம். மறுபடி வெள்ளிக்கிழமைதான்.

ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் இன்றைக்குத்தான் நானும் ஒருத்தி.

அக்டோபர் 3, வெள்ளி

எஞ்சின் நின்றுவிட்டது. மூடியைத் திறந்து பெட்ரோல் ஊற்றிவிட்டு ஓட்டினோம், பதினோரு நிமிஷத்தில் நின்றது.

மறுபடி கிக் அடித்தால் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எடுத்தது, நாலு நிமிஷத்தில் நின்றது. டேங்க் மூடியைத் திறந்து பார்த்தோம், பெட்ரோல் இருக்கிறது. பைப்பைக் கழற்றினோம், பெட்ரோல் நன்றாக வருகிறது. பிளக்கில் தீப்பொறி இருக்கிறது. எல்லாவற்றையும் மாட்டிவிட்டு அடித்தால் ஓடியது, திரும்பவும் பதினோரு நிமிஷம். அஸ்ரின் மிஸ்ஸிடம் கேட்டேன். "எனக்கும் புரியலமா" என்றார்.

பெற்றோர் கூட்டம் 11ஆம் தேதி. எட்டு நாள்.

அக்டோபர் 4, சனி

இன்று நான் நடந்துகொண்டதை எழுதவே பிடிக்கவில்லை. ஆனால் அப்போது எனக்கு அது நியாயமாகத்தான் தெரிந்தது.

நாலு தரம் அடித்து நாலு தரமும் நின்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. 26ஆம் தேதி முப்பத்தைந்து நிமிஷம் ஓடிய எஞ்சின். அதற்கப்புறம் அதில் கை வைத்தவன் யார்? ராஜபாண்டி. கார்புரேட்டரைக் கழற்றியவன் யார்? ராஜபாண்டி. எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். "ஒழுங்கா ஓடிட்டு இருந்தத நீதான் கெடுத்த. பூஜைக்குப் பளபளப்பா தெரியணும்னு கழட்டி, ஃப்ளோட்ட தப்பா மாட்டியிருக்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, கராஜ் கராஜ்னு அளக்காத."

அவன் கையில் இருந்த ஸ்பேனரை மேஜையில் வைத்தான். சண்டை வேண்டாம் என்று மிஸ் அவனை வயரிங் மேஜைக்கு மாற்றிவிட்டார். போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் சொன்னது சரிதானே? வேறு எப்படி இருக்க முடியும்?

அக்டோபர் 5, ஞாயிறு

சர்ச்சில் பூசையில் மனம் நிற்கவில்லை. ஃப்ளோட், ஜெட், ஊசி வால்வு என்று வரிசையாக நினைத்துக்கொண்டு முழங்காலில் நின்றேன்.

அக்டோபர் 6, திங்கள்

கார்புரேட்டரை இன்று மூன்று தரம் கழற்றினேன். உள்ளே ஒரு தப்பும் இல்லை. ராஜபாண்டி வைத்தது அட்சர சுத்தம். ஒவ்வொரு தரமும் எத்தனை நிமிஷம் ஓடியது என்று குறித்து வைத்திருக்கிறேன்: 11, 5, 4, 11, 3, 12. ஒரே குழப்பம். 11 வருவது எப்போது, 4 வருவது எப்போது? பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கிறது.

அம்மா கைப்பையைத் திறந்து ஃபாரத்தை மேஜையில் வைத்து மடிப்பை நீவினாள். எஞ்சின் ஓடுகிறதா என்று கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 7, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். ஆனால்—

முதலிலிருந்து எழுதுகிறேன். காலையில் தண்ணீர் வந்ததும் நீல டிரம்மை நிறைத்து மூடியை இறுக்கி மூடினேன். பாத்திரம் கழுவலாம் என்று டிரம்மின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்தால் கொஞ்ச நேரம் வேகமாக வந்தது, அப்புறம் நூல் மாதிரி, அப்புறம் நின்றே போனது. குழாயில் ஏதோ அடைப்பு என்று குச்சியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தேன். அப்பா விக்ரோலி டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டே, "மூடிய லேசா தெறந்து வையிட்டி, காத்து உள்ள போவாண்டாமா?" என்றார். தளர்த்தினேன். குபுகுபுவென்று கொட்டியது.

குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பதினோரு நிமிஷம் ஓடியது எல்லாம் நாங்கள் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்த பிறகு! நாலு நிமிஷத்தில் நின்றது எல்லாம் திறக்காமல் அடித்தபோது! நோட்டை எடுத்துப் பார்த்தேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் டேங்கிலேயே தொங்கிக்கொண்டு நிற்கும்.

பிரேயருக்கு முன்னாலேயே ஓடினேன். டேங்க் மூடியின் நடுவில் காற்றுக்கென்று ஊசி முனை அளவு ஒரு ஓட்டை உண்டு. அதன் மேல் என் சந்தனம். காய்ந்து கல் மாதிரி, மேலே குங்குமத்தோடு. நான் வைத்தது. ஆசை ஆசையாக அள்ளி வைத்தது.

துப்பட்டாவிலிருந்த சேஃப்டி பின்னை எடுத்துக் குத்தினேன். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. கிக் அடித்தேன். முதல் பெல் அடிக்கும்வரை ஓடிக்கொண்டே இருந்தது.

அஸ்ரின் மிஸ் ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எப்படி, என்ன செய்தாய் என்றார். "கார்புரேட்டரை மறுபடி சரியா மாட்டினேன் மிஸ்" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. வயரிங் மேஜையிலிருந்து ராஜபாண்டி பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்டோபர் 8, புதன்

எஞ்சின் ஓடுகிறது. எனக்குத்தான் ஓடவில்லை.

கூட்டத்தன்று ஒவ்வொரு குரூப்பும் தாங்கள் சந்தித்த ஒரு கோளாறைப் பற்றிப் பேச வேண்டுமாம். எங்கள் குரூப்பில் நான் பேச வேண்டுமாம். என்ன பேசுவது? ராஜபாண்டி தப்பாக மாட்டியதை நான் சரி செய்தேன் என்றா? பையன்கள் இப்போதே அவனைக் 'கராஜ் சேட்' என்று கிண்டல் பண்ண ஆரம்பித்துவிட்டார்கள். நான் எடுத்துக் கொடுத்த வார்த்தை.

அக்டோபர் 9, வியாழன்

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? ஒன்று, சந்தனத்தால்தான் எஞ்சின் நின்றது என்று ஒரு வேதக்காரப் பிள்ளை சொன்னால் அதை எப்படி எடுத்துக்கொள்வார்களோ தெரியாது. இரண்டு, அம்மா. எஞ்சினைக் கெடுத்ததே நான்தான் என்று தெரிந்தால் அரை மணி என்ன, அரை நாள் ஓடினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதுதான் சகிக்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

சொல்லிவிட்டேன். முதலில் மிஸ்ஸிடம். அவர் கொஞ்ச நேரம் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும்தானே தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன், எனக்கும் தோன்றவில்லையே என்றார். திட்டுவார் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் தண்ணீர்க் குழாய் பக்கம் ராஜபாண்டியிடம். தப்பு என் மேல்தான், மன்னித்துக்கொள் என்றேன். அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னான்.

"என்கிட்ட தனியா சொல்லி என்ன? அன்னைக்கு சப்கே சாம்னே சொன்னேல்ல? எல்லாரு முன்னாடியும் சொல்லு."

நாளைக்குச் சொல்கிறேன். அம்மா இருந்தாலும் சொல்கிறேன். எழுதிவிட்டேன், இனி மாறக்கூடாது.

அக்டோபர் 11, சனி

எழுத உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகிறது. கட்டைவிரல் இன்னும் மரத்துப்போய் இருக்கிறது.

அம்மா தாமதமாகத்தான் வந்தாள், பார்லரின் கறுப்புக் கோட்டோடு. அப்போது எஞ்சின் பன்னிரண்டு நிமிஷம் ஓடியிருந்தது. மிஸ் நாற்காலி போட்டார். அம்மா உட்காரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, நான் வந்த நேரத்திலிருந்துதான் கணக்கு என்று என்னிடம் மட்டும் சொன்னாள். பத்து ஐந்து. அப்படியானால் பத்து முப்பத்தைந்து வரை ஓட வேண்டும். எஞ்சின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது, பக்கவாட்டில் அதன் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

என் முறை வந்தது. சத்தத்துக்கு மேல் பேச வேண்டியிருந்ததால் கத்தித்தான் சொன்னேன். எஞ்சின் நின்று நின்று போனது, ராஜபாண்டி மேல் பழி போட்டேன், அவன் மேல் ஒரு தப்பும் இல்லை, டேங்க் மூடியின் ஓட்டையில் சந்தனத்தை வைத்து அடைத்தது நான், கண்டுபிடித்த பிறகும் மிஸ்ஸிடம் பொய் சொன்னது நான். அம்மா இருந்த பக்கம் பார்க்கவே இல்லை. யாரும் கோபப்படவில்லை. நம்பிராஜன் சார் மட்டும், அடுத்த வருஷம் சந்தனம் ஸ்டாண்டுக்கு மட்டும் போதும் என்று சொன்னார், இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

முடிந்தது என்று நினைத்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். ராஜபாண்டியின் அம்மா, சண்முகவடிவு.

"எம்பிள்ள ஒரு வாரமா ஒழுங்கா சோறு திங்கல. இந்தா இம்புட்டு ஓட்டைல எஞ்சின் நிக்கும்னு இந்தப் பிள்ள சொல்லுது. அவன் மேல பாவப்பட்டுச் சொல்லுதுன்னுதான எல்லாரும் நெனப்பாவ?"

அவர் கேட்டது நியாயம். பையன்கள் முகத்தில் அதேதான் இருந்தது. மிஸ் போர்டில் படம் போட்டு விளக்கலாம் என்று சாக்பீஸை எடுத்தார். படம் யாருக்குப் புரியும்? எனக்கே டிரம் இல்லாவிட்டால் புரிந்திருக்காது.

காட்ட ஒரே வழிதான் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து பதினாறு. இன்னும் பத்தொன்பது நிமிஷம் சும்மா நின்றால் போதும். அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்தது – பார்லர், ஏசி ரூம், கறுப்புக் கோட்டு, எல்லாம்.

கட்டைவிரலை ஓட்டையில் வைத்து அழுத்தினேன்.

ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஒன்றும் ஆகவில்லை. எஞ்சின் அதிர்வில் கை முழுக்கக் கூசியது. யாரோ இருமினார்கள். ஐந்து நிமிஷம் ஆகியும் ஓடிக்கொண்டே இருந்தது. அப்போது ராஜபாண்டி வயரிங் மேஜையிலிருந்து எழுந்து வந்தான். என் பக்கத்தில் நின்று ஆக்சிலேட்டர் கேபிளைப் பிடித்து இழுத்தான். வேகம் கூடினால் கீழே இறங்கிய பெட்ரோல் சீக்கிரம் தீரும். என் எஞ்சினை நிறுத்த எனக்குத் துணைக்கு வந்தான்.

பத்து இருபத்து நாலுக்கு எஞ்சின் தடுமாறியது, இரண்டு தரம் விக்கியது, நின்றுவிட்டது. நான் விரலை எடுத்தேன். 'ஸ்ஸ்' என்ற சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும். கொஞ்சம் பொறுத்து ராஜபாண்டி கிக் அடித்தான். இரண்டாவது கிக்கில் எடுத்தது. சண்முகவடிவு அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அம்மா என் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பத்தொன்பது நிமிஷத்தில் நின்றது. நான்தான் நிறுத்தினேன். நிபந்தனை நிபந்தனைதான்.

தொண்ணூறடி ரோடு வழியாக வீட்டுக்கு நடந்தோம். பாதி தூரத்தில் அம்மா கேட்டாள்.

"அந்தப் பையன அன்னைக்கு எல்லாரு முன்னாலயுமா சொன்ன?"

"ஆமா."

"அப்போ சரி."

என்ன சரி? கேட்கத் தைரியம் வரவில்லை. அவள் அப்படியே திரும்பி வேலைக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 13, திங்கள்

ராஜபாண்டி எங்கள் மேஜைக்கு வந்துவிட்டான். வந்ததும் முதல் வேலையாக என் ஸ்பேனரைப் பிடுங்கி, "ஜாக்கி, பதிமூணு நம்பர் பானா கொடு" என்றான். அவன் பிடுங்கிய ஸ்பேனரே பதிமூணு நம்பர்தான்.

அக்டோபர் 15, புதன்

நாளை முதல் லீவு. ரேஷன் கார்டை எடுத்துத் தா என்று அம்மா கைப்பையைக் கொடுத்தாள். உள்ளே ஃபாரம் இல்லை. பையின் எல்லா அறையிலும் பார்த்தேன். இல்லை. இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் பள்ளிக்கூட ஆபீசில் கொடுத்திருப்பாள்.

குளியலறையில் கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டேன். பியூட்டியில் போட்டால் போடட்டும், அதையும் படிக்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரம் என்னுடையதுதானே? அப்போது போய் லேபில் ஆயில் மாற்றுவேன், டாப்பெட் செட் பண்ணுவேன். யார் தடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

தெருவெல்லாம் வெடி. பிரேமலதா வீட்டு முறுக்கு வந்தது. பியூட்டி கிளாசில் அவள் பக்கத்து சீட் காலியாம். சந்தோஷமாகச் சொன்னாள், பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அம்மாவோடு போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். பதினெட்டு நாளில் பள்ளிக்கூடத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே ஜாதிப் பிடிவாதம் என்கிறார் அப்பா.

நவம்பர் 3, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது.

காலையில் தலை பின்ன அம்மா முன்னால் உட்கார்ந்தேன். அவள் பின்னல் போடவில்லை. முடி முழுவதையும் உச்சிக்கு வாரி இழுத்து முறுக்கி, கொண்டையாகச் சுருட்டினாள். பார்லரில் கல்யாணப் பெண்களுக்குப் போடும் கொண்டை, நாள் முழுக்க அசையாதது. வலி உயிர் போனது. என்னம்மா இது என்றேன். வாயில் கொண்டை ஊசிகளைக் கடித்துக்கொண்டே பேசினாள். அன்றைக்குக் கடிகாரத்தைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தாளாம், அப்புறம் கண் என் பின்னலை விட்டு நகரவில்லையாம்.

"சக்கரம் அங்கன சுத்துது, நீ குனிஞ்சு விரல வச்சு நிக்க, பின்னல் அதுக்கு ஒரு சாண் பக்கத்துல ஆடுது. எனக்கு உசுரு உசுரா இல்ல. ஓடுத எஞ்சின் பக்கத்துல இனிமே பின்னலத் தொங்கவிட்டுக்கிட்டு நிக்காத."

இனிமேல்?

"ஃபாரம்?" என்று கேட்டேன்.

"எந்த ஃபாரம்?" என்றாள். இன்னும் இரண்டு ஊசியைக் குத்திவிட்டுத் தலையை ஆட்டிப் பார்க்கச் சொன்னாள். ஆட்டினேன், குனிந்தேன், குதித்தும் பார்த்தேன். ஒரு முடி அவிழவில்லை.

முதல் பீரியடே ஆட்டோமோட்டிவ்.